சிறையில் இருந்தவரின் நண்பர்கள்

(வானொலியில் ஆற்றிய மறையுரை)



புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஓட்டத்தை முடித்தவரின் மடல் என்று குருமடத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அதன் கடைசி அதிகாரத்தில், பெரிய பெரிய வார்த்தைகளுக்கு நடுவே, மிகச் சின்ன விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. துரோவா என்ற ஊரில் கார்ப்பு என்பவர் வீட்டில் தம் போர்வையை விட்டுவிட்டு வந்ததாகவும், வரும்போது அதை எடுத்துவரும்படியும் பவுல் கேட்கிறார். கூடவே நூல்களையும் தோற்சுருள்களையும் கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன்னால் வந்து சேர் என்றும் சொல்கிறார். உரோமைச் சிறையில் இருக்கும் வயதானவருக்குக் குளிர்கிறது. அவ்வளவுதான்.

நாம் இளம் குருவாக இருந்த காலத்தில் இந்த வசனத்தை வேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுவோம். மறையுரை வைக்க இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம். இப்போது அப்படித் தாண்டிப் போக முடிவதில்லை. அதற்குக் காரணம் ஒரு சிப்பர் டம்ளர்.

ஜூலை 5 வருகிறது. 2021-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் இயேசு சபைக் குரு ஸ்டேன் சாமி அடிகளார் மும்பையில் இறந்தார். அவரை உங்களில் பலர் ஏதோ வடநாட்டுச் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் நம் தமிழ்நாட்டு மண்ணின் மகன். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937 ஏப்ரல் 26-ஆம் நாள் பிறந்தவர். ஸ்தனிஸ்லாஸ் லூர்துசாமி என்பது முழுப்பெயர். நம் ஊர்ப்பக்கமும் வீட்டுக்கு ஒரு லூர்துசாமி இருப்பாரே, அப்படி ஒரு பெயர். 1957-இல் இயேசு சபையில் சேர்ந்து, பழங்குடி மக்கள் நடுவே பணியாற்ற இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக்குப் போனார். இடையில் பெங்களூருவில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகச் சுமார் 10 ஆண்டுகள் இருந்தார். பிறகு மறுபடியும் அந்தக் காட்டுப் பகுதிக்கே திரும்பினார். 2006-இல் இராஞ்சிக்கு அருகில் நாம்குமில் 'பகாய்ச்சா' என்ற மையத்தைத் தொடங்கினார். பகாய்ச்சா என்றால் தோட்டம்.

அங்கே அவர் என்ன செய்தார்? காட்டையும் நிலத்தையும் சுரங்கத்துக்கு எடுக்கும்போது, அந்த மக்களுக்கு அரசியல் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை என்ன என்று எடுத்துச் சொன்னார். நக்சலைட்டுகள் என்று சிறையில் அடைக்கப்பட்டு, விசாரணையே நடக்காமல் கிடந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து வெளியிட்டார். ஏறத்தாழ 3000 பேருக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விசாரியுங்கள், குற்றமிருந்தால் தண்டியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். காலவரையின்றி உள்ளே வைக்காதீர்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது. விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக வழக்காடியவர், விசாரணை தொடங்குவதற்கு முன்பே, விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

2020 அக்டோபர் 8 இரவு, பகாய்ச்சாவில் அவரைக் கைது செய்தார்கள். பீமா கோரேகான் வழக்கு, ஊபா சட்டம். தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் அமைப்போடு அவருக்குத் தொடர்பு இருக்கிறது என்று தேசியப் புலனாய்வு முகமை சொன்னது. அவர் அதை மறுத்தார். அந்த வழக்கில் கைதான 16 பேரில் கடைசியாகக் கைதானவர் அவர். எல்லாரிலும் வயதானவரும் அவர்தான். 83 வயது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய். இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு. நவிமும்பையில் தலோஜா சிறை.

நடுக்குவாதம் வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். டம்ளரைத் தூக்கினால் வாய்க்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் மார்பில் கொட்டிவிடும். அதனால் அவர் நவம்பர் மாதத் தொடக்கத்தில் நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். குடிக்க ஒரு ஸ்ட்ராவும், மூடிபோட்ட சிப்பர் டம்ளரும் வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல அவகாசம் கேட்கப்பட்டது. வழக்கு சுமார் 20 நாள் தள்ளிப்போனது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் யார் யாரோ தலோஜா சிறைக்குச் சிப்பர் டம்ளர்களைத் தபாலில் அனுப்பினார்கள். பிறகுதான் அவருக்கு அது கிடைத்தது.

பவுல் கேட்ட போர்வை, ஸ்டேன் சாமி கேட்ட டம்ளர். இதற்குமேல் இதில் நாம் விளக்கவுரை சொல்லப்போவதில்லை.

அன்புக்குரியவர்களே, சிறையில் இருந்த பவுலுக்கு ஒரு நண்பர் இருந்தார். ஒனேசிப்போர் என்று பெயர். அதே மடலின் முதல் அதிகாரத்தில் வருகிறார். அவர் எபேசு ஊர்க்காரர். ஆசியாவில் இருந்தவர்கள் எல்லாரும் தம்மைவிட்டுப் போய்விட்டார்கள் என்று பவுல் வருத்தத்தோடு எழுதிய அடுத்த வரியில் இவர் பெயர் வருகிறது. சங்கிலி கட்டப்பட்டவனைத் தெரியும் என்று சொல்ல இவர் வெட்கப்படவில்லை. உரோமைக்கு வந்து, எந்தச் சிறை என்று தெரியாமல் தேடி அலைந்து, கண்டுபிடித்துப் பார்த்தார். பவுல் அவருடைய வீட்டாரைத் தனியாகக் குறிப்பிட்டு வாழ்த்துகிறார். அவருக்காக மட்டும், இறுதி நாளில் ஆண்டவர் இரக்கம் காட்டும்படி மன்றாடுகிறார். ஆகவே அந்த நேரத்தில் ஒனேசிப்போர் இறந்துபோயிருக்க வேண்டும் என்று விரிவுரையாளர்கள் பலர் கருதுகிறார்கள். இறந்த நண்பருக்காக ஒரு திருத்தூதர் செய்த மன்றாட்டு என்று நம் திருச்சபை இதைப் போற்றி வருகிறது. நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் இறந்தோரை நினைப்பதற்கு இதுவும் ஒரு வேர்.

ஸ்டேன் சாமிக்கும் சிறையில் நண்பர்கள் இருந்தார்கள். அவர் அங்கிருந்து தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதம் செய்தித்தாள்களில் வந்தது. தம் துன்பத்தைப் பற்றி அதில் அதிகம் இல்லை. அதே வழக்கில் உள்ளே இருந்த அருண் பெரைரா தமக்குக் காலை உணவும் மதிய உணவும் ஊட்ட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார் என்று எழுதினார். தம் அறையில் இருந்த வேறு இருவரையும் சொன்னார். இரவு உணவுக்கு உதவுவதும், துணி துவைத்துத் தருவதும், முழங்காலைப் பிடித்துவிடுவதும் அந்த இருவர்தான். மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களையும் உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த இருவரின் பெயர் நமக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன வழக்கு, வெளியே வந்தார்களா என்றும் தெரியாது. ஒரு குருவின் காலைப் பிடித்துவிட்டவர்கள் என்று மட்டும் தெரியும். பெரிய வியாழன் அன்று நாம் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவுகிறோம், அலங்காரமாக, வெள்ளித் தாம்பாளத்தில். அங்கே தலோஜாவில் அது தினமும் நடந்தது.

2021 மார்ச்சில் அவருடைய பிணை மனு தள்ளுபடி ஆனது. மே மாதம் காணொளி வழியாக உயர்நீதிமன்ற நீதிபதிகள் அவரிடம் பேசினார்கள். வந்தபோது தாமாகவே சாப்பிட முடிந்தது, நடக்க முடிந்தது, எழுத முடிந்தது. இப்போது எதுவும் முடியவில்லை என்று சொன்னார். அரசு மருத்துவமனைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டதற்கு, வேண்டாம், தம்மவர்களோடு இருக்கவே விருப்பம் என்றார். மே 28-ஆம் நாள் பாந்திரா திருக்குடும்ப மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கொரோனாவும் தொற்றியிருந்தது தெரிந்தது. மும்பை புனித சவேரியார் கல்லூரியின் முன்னாள் முதல்வர் அருள்பணி பிரேசர் மஸ்கரேனஸ் என்பவர், அவரும் இயேசு சபைக் குரு, நீதிமன்ற அனுமதியோடு உடன் இருந்து பார்த்துக்கொண்டார். ஜூலை 5 பிற்பகல், பிணை மனு நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டபோது, மருத்துவர் ஒரு தகவல் சொல்லவேண்டும் என்று வழக்கறிஞர் எழுந்து கேட்டுக்கொண்டார். பிணை கேட்டவர் இறந்துவிட்டார் என்பதே அந்தத் தகவல்.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒலிவாங்கி முன் உட்கார்ந்து இதைச் சொல்வது எளிதல்ல.

2020 அக்டோபர். அவர் கைதான பின் வந்த முதல் ஞாயிறு. கோயில் திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முகக்கவசம், இடைவெளி, பாதி இருக்கை. நம் பங்கில் விசுவாசிகள் மன்றாட்டை எழுதுவது உபதேசியார். கோடு போட்ட நீள நோட்டில் எழுதி, திருப்பலிக்கு முன் நம்மிடம் காட்டுவார். பார்த்துச் சரி செய்து கொடுப்போம். அன்று நாலாவது மன்றாட்டில் ஸ்டேன் சாமி அடிகளார் பெயரை எழுதியிருந்தார். நாம் சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரை அடித்துவிட்டு, 'சிறையில் வாடும் அனைவருக்காகவும்' என்று மேலே எழுதினோம். இங்கே நாம் என்றால் பங்கு மக்கள் அல்ல. பங்குத்தந்தையாகிய நாம்.

நம்மிடம் காரணம் இருந்தது. காரணம் எப்போதும் இருக்கும். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. கோயிலில் அரசியல் வேண்டாம். யாராவது கைப்பேசியில் பிடித்துப் போட்டால் நாளைக்கு நம் மக்களுக்குத் தொந்தரவு. உபதேசியார் நோட்டை வாங்கிப் பார்த்தார். "சரிங்க சாமி" என்றார். நாம் எழுதிக் கொடுத்தபடியே வாசித்தார்.

அடுத்த ஆண்டு ஜூலையில், அடிகளார் இறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, மறுபடி அந்தப் பெயரை எழுதியிருந்தார். ஆன்ம இளைப்பாற்றிக்காக. நோட்டை நீட்டும்போது, "இப்ப அடிக்க மாட்டீங்கதானே சாமி" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குக் கோபமாகப் பேசவே வராது. அன்று படம் வைத்தோம், மெழுகுதிரி ஏற்றினோம், நம் தமிழ்மண் தந்த மறைச்சாட்சி என்று மறையுரையில் முழங்கினோம். மக்கள் கண் கலங்கினார்கள். முன் இருக்கையில் உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரிமத்தியா யோசேப்பு யூதருக்கு அஞ்சி மறைவாகச் சீடராக இருந்தவர் என்று புனித யோவான் எழுதுகிறார். ஆண்டவர் உயிரோடிருந்த வரையில் அவர் வெளியே வரவில்லை. இறந்த பிறகு பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டார். அவரை நாம் குறை சொல்லப் போவதில்லை. உடலைக் கேட்கப் போனதற்கே துணிவு வேண்டும். நாம் அந்த அளவுக்கும் போகவில்லை. நமக்கு யாரிடமும் எதையும் கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. இறந்தவரை நம்மவர் என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை.

ஆனால் அவருடைய தோழர்கள் வேறு வழியில் நினைவுகூர்ந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே பாந்திராவில் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. உடல் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி ஜார்க்கண்டுக்குப் போனது. அதோடு ஒப்பாரி முடிந்தது என்று அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இறந்தவர்மேல் வழக்கு நடக்காது. ஆனால் பிணையை மறுத்த உத்தரவில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை அப்படியே நிற்கும். தம்மேல் சொல்லப்பட்டது பொய் என்று விசாரணையில் மெய்ப்பிக்க அவர் இனி வரமாட்டார். ஆகவே அந்த உத்தரவில் உள்ளவற்றை நீக்கவேண்டும், அவர் பெயரைத் துடைத்துத் தரவேண்டும் என்று அருள்பணி மஸ்கரேனஸ் 2021 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். குடும்பம் இல்லாத குருவுக்கு உறவினர் இடத்தில் நின்று கொடுத்த மனு அது. உடன்பிறப்புகள் சொத்துக்காக நீதிமன்றப் படி ஏறுவதை நம் விழுப்புரத்தில் தினமும் பார்க்கிறோம். இறந்த நண்பரின் பெயருக்காகப் படி ஏறுகிறவரைப் பார்ப்பது அபூர்வம். அருண் பெரைராவும் வெர்னன் கொன்சால்வஸும் 2023 ஜூலையில்தான் உச்சநீதிமன்றத்தில் பிணை பெற்றார்கள். ஊட்டிவிட்டவரும் குளிக்க உதவியவரும், அவர் இறந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார்கள்.

இன்னொரு செய்தி, இது நம் தமிழ்நாட்டில். முண்டா பழங்குடியினர் இறந்தவர்களுக்குக் கல் நாட்டுகிறவர்கள். நம் முன்னோரும் அப்படியே. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதினார்கள். அந்தக் கற்களை இன்றும் அதிகமாகப் பார்க்கக்கூடிய இடங்களில் தர்மபுரி ஒன்று. அதே தர்மபுரி மாவட்டத்தில், தனியார் நிலத்தில் ஸ்டேன் சாமியின் உருவம் பொறித்த ஒரு கல்தூணை நிறுத்த முயன்றார்கள். அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2025-இல் அந்தத் தடை நீங்கியது. ஒரு கல்லை நட இத்தனை பாடு.

நம் உபதேசியாரும் சென்ற ஆண்டு தபசுக் காலத்தில் இறந்துவிட்டார். பெயர் சொல்லவேண்டாம் என்று அவர் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். நம்மோடு ஒன்பது ஆண்டு பணி செய்தவர். நமக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவார். மறையுரை நீளமாகப் போனால் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, யார் இனி மன்றாட்டு எழுதுவது என்று பார்க்க அந்த நீள நோட்டைத் திருவுடை அறை மேசையிலிருந்து எடுத்தோம். நாம் அடித்த அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே பெயர் தெளிவாகத் தெரிந்தது.

நோட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அதில் மூன்று பிள்ளைகளின் படங்கள், ஆதார் நகல், கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதிய மனு, திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு விண்ணப்பங்கள். கோலியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் செங்கல் சூளையை ஒட்டி இருளர் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்கள் கத்தோலிக்கர் அல்ல. அந்தப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வாங்க அவர் அலைந்துகொண்டிருந்தது நமக்குத் தெரியாது. இந்த மாவட்டத்தில் இருளர் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பாடு என்று, திண்டிவனத்துப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தார் ஆண்டுக் கணக்காகச் சொல்லி வருகிறார்கள். சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, பத்தாம் வகுப்போடு சூளைக்கே போகவேண்டும். உபதேசியார் சைக்கிளில் போய்வந்திருக்கிறார். போன தேதிகளை ஃபைலின் உள்பக்கம் பென்சிலால் குறித்திருந்தார். பதினோரு தேதிகள்.

பன்னிரண்டாவது முறை நாம் போனோம். அங்கி போட்டுக்கொண்டு போனால் உடனே உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்தோம். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்; நல்லதுதான், அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பிறகு ஐந்து முறை போனோம். மூத்த பெண்ணுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தம்பிகள் இருவருக்கும் இன்னும் வரவில்லை. வரும் வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 5 மாலை ஆறு மணிக்கு நம் ஆலயத்தில் திருப்பலி இருக்கும். ஸ்டேன் சாமி அடிகளாருக்காகவும், நம் உபதேசியாருக்காகவும், தலோஜாவில் ஒரு வயதானவரின் முழங்காலைப் பிடித்துவிட்ட, பெயர் தெரியாத அந்த இருவருக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம். மன்றாட்டை இப்போது உபதேசியாரின் மகள் எழுதுகிறாள். நாம் சிவப்புப் பேனாவை எடுத்துப் போவதில்லை.